ஆறாம் நம்பர் வீட்டு மரம்

சும்மா பஸ்ஸில் ஏற்றி, சும்மா சுற்றிக்காட்டி, சும்மா சோறு போட்டு, பொழுது சாயுமுன் சும்மா கொண்டுவந்து விடுவதாக ஜீப்பில் மைக் கட்டிச் சொல்லிவிட்டுப் போனார்கள். நாலு சும்மாவும் மாடம்மாளின் தொண்டையில் முள்ளாக நின்றன. சாத்தன்மலை எஸ்டேட்டில் அவள் கொழுந்து பறித்த முப்பத்திரண்டு வருஷத்தில் சும்மா கிடைத்தது அட்டைக்கடி ஒன்றுதான். அதற்கும் ரத்தம் கொடுக்க வேண்டியிருந்தது.

வித்துராவிலிருந்து மலைக்கு ஏறும் ரோட்டில் புதிதாக ஒரு பார்க் திறந்திருந்தார்கள். குட்டிக் கிராமம் என்று பேர். மலைநாட்டு ஊர்களை முழங்கால் உயரத்துக்குச் சுருக்கிச் செய்து வைத்திருக்கிறார்களாம். தேயிலைக் காடு, ஃபாக்டரி, கோயில், சர்ச், சாயாக்கடை, அதோடு தொழிலாளர் வீட்டு வரிசையான சாத்தன்மலை லயமும். தங்கள் லயத்தைத் தாங்களே பார்க்கட்டும் என்று அங்கே குடியிருப்பவர்களுக்கு ஒரு நாள் டிக்கெட் இல்லாமலே அனுமதி.

"அத்தனை பேரையும் ஒரே நாள்ல எறக்கிட்டுப் போறாவ. லயத்துல ஒரு குஞ்சு இருக்காது. எதுக்குன்னு யோசிச்சீங்களா?"

அடுப்படியில் முழங்கால் முட்டுக்குச் சூடு காட்டிக்கொண்டிருந்த அவள் புருஷன் சொரிமுத்து அப்படியொன்றும் யோசித்திருக்கவில்லை. "பாக்கதுக்கு," என்றான்.

"நாம அங்க போயி பாக்கதுக்கா, அவன் இங்க வந்து பாக்கதுக்கா?"

"மழை பெஞ்சாலும் மேல எவனோ நின்னு ஊத்துறாம்ப நீ."

"ஊத்துனாம்லா. அந்த வருஷம் ஊத்துனாம்லா!"

அந்த வருஷம் என்று அவள் சொன்னால் லயத்தில் எல்லோருக்கும் எந்த வருஷம் என்று தெரியும். கம்பெனி எஸ்டேட்டைப் போட்டுவிட்டுப் போன வருஷம். பெருமழைக்குப் பிறகு நாலு பேர் காகிதக் கட்டோடு வந்தார்கள். கைநாட்டு வைத்தால் ஆளுக்கொரு சிப்பம் அரிசி என்றார்கள். கீழ் டிவிஷனில் பதினாலு வீட்டுக்காரர்கள் வைத்தார்கள். அரிசி நல்ல அரிசிதான். அது தீருமுன்னே, வீட்டைக் காலி செய்ய நாங்கள் சம்மதிக்கிறோம் என்று அந்தக் காகிதத்தில் எழுதியிருந்தது தெரிந்தது. அவர்கள் சட்டி பானையோடு மலையிறங்கிப் போனதை மேல் லயம் வரிசையாக நின்று பார்த்தது.

அதற்குப் பிறகு மேல் லயத்தில் ஒரு வழக்கம் விழுந்துவிட்டது. கையில் காகிதத்தோடு எவனாவது வளைவு திரும்பினால் ஒரு சீழ்க்கை. முன்கதவுகளில் வெளிப்பூட்டுத் தொங்கும். சுற்றிப் போய் அடுப்படிக் கதவு வழியாக உள்ளே ஏறி, புகை வராமல் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். வெளியே மாட்டிக்கொண்டவரிடம் பூட்டிய வீட்டைக் காட்டிக் கேட்டால் ஒரே பதில்தான்: யாருமில்ல சார், எல்லாரும் நாட்டுக்குப் போயிட்டாவ. நாடு என்றால் மலைக்குக் கீழே சொந்த ஊர். மூணு வயசுப் பிள்ளைக்கும் அந்தப் பதில் தெரியும்.

போன ஆடி மழையில் ஒரு கூட்டம் வீடு வீடாகக் கணக்கெடுக்க வந்தது. ஆள் இருக்கிற வீட்டையெல்லாம் பழுது பார்த்து, இருக்கிறவர்கள் பேரிலேயே எழுதிக் கொடுக்கப் போவதாக முன்கூட்டியே கூட்டம் போட்டுச் சொன்னார்கள். இந்தத் தடவை நிஜம் என்று நம்பி எல்லா வீடும் திறந்தது. ஆறாம் நம்பர் வீடு மட்டும் பூட்டிக் கிடந்தது. அரிசி என்றான், இப்போது வீடு என்கிறான் என்பது மாடம்மாளின் கட்சி. காகிதத்தில் ஏறாத வீட்டை எவனும் தொட முடியாது. முற்றத்தில் குடை விரித்து நின்று எழுதியவர்கள் போன பிறகுதான் அவள் அன்று அடுப்பு மூட்டினாள்.

இப்போது இந்த பஸ்.

"அம்மா, அது பார்க்கு. ஜெயில் ஒண்ணும் அல்ல," என்றாள் மகள் அனுஷா. வித்துராவில் துணிக்கடையில் நிற்கிறவள். அவள் பேச்சில் பாதி மலையாளமாகிவிட்டிருந்தது. "எல்லாரும் போறாங்க. நீ வரல்லேன்னா ஞானும் போகல்ல, போதுமா?"

மாடம்மாள் இரண்டு நாள் அதை மென்றாள். கடைசியில் அவளைக் கிளப்பியதும் சந்தேகம்தான்.

"நம்ம வீட்ட நம்மகிட்ட கேக்காம அளந்து செஞ்சி வச்சிருக்கான். என்னத்த செஞ்சி வச்சிருக்கான்னு பாக்கணும்." பிறகு புருஷனிடம் திரும்பி, "நீங்க எங்கயும் அசையப்பிடாது. ஆள் ஒருத்தன் உள்ள இருந்தா வீடு வீடுதான்."

"இந்த முட்ட வச்சிக்கிட்டு நான் எங்க ஓட?" என்றான் சொரிமுத்து.

பஸ் லயம்வரை ஏறாது. உடைந்த பாலத்துக்கு இப்பால் நின்றது. மூடுபனி தேயிலைச் செடிக்கு மேல் ஆளுயரத்துக்குப் படுத்திருந்தது. பக்கத்து வீட்டு முத்தாரம்மாள், ஐந்தாம் நம்பர்க்காரி, முந்திப்போய் ஜன்னலோரம் பிடித்து, பக்கத்தில் தன் பையை வைத்திருந்தாள்.

"மைனி, இங்க வா. ஒனக்குத்தான் எடம் போட்டிருக்கேன். நீ வரமாட்டேன்னு மூணாம் நம்பர் எலிசாளு பந்தயம் கட்டுனா."

"எனக்கு எதுக்கு எடம் போட்ட?"

"ஏளா, எடம் போட்டதுக்குமா கேள்வி?"

மாடம்மாள் உட்கார்ந்தாள். ஆனால் கேள்வியை விடவில்லை. முத்தாரம்மாளின் மகன் பிரவின்ராஜ் விழிஞ்ஞத்தில் துறைமுக வேலையில் இருந்தான். சித்திரையில் கல்யாணம் முடிந்தது. ஒரு அறையும் அடுப்படியும் உள்ள வீட்டில் மாமியார், மாமனார், மருமகள், லீவுக்கு வருகிற மகன். மருமகள் வந்ததிலிருந்து முத்தாரம்மாளின் கண் அடிக்கடி ஆறாம் நம்பர் கூரைமேல் போய்வருவதாக மாடம்மாளுக்கு ஒரு நினைப்பு. 'ஒங்க தகரம் ஓட்டையா மைனி?' என்று போன மாசம் கேட்டாள். ஓட்டையா என்று எதற்குக் கேட்கிறாள்?

வளைவுக்கு வளைவு பஸ் தூக்கிப் போட்டது. முத்தாரம்மாள் ராத்திரி அவித்த மரச்சீனிக்கிழங்கையும் கருவாட்டுத் துவையலையும் இலையில் பிரித்து நீட்டினாள். மாடம்மாள் தின்றாள். சந்தேகத்துக்கும் பசிக்கும் அவள் என்றைக்கும் முடிச்சுப் போட்டதில்லை.

பார்க் வாசலில் காகிதக் கப்பில் கட்டன் சாயா கொடுத்தார்கள். சட்டையில் பேர்ப்பட்டை குத்திய ஒருத்தன் கைகூப்பி வரவேற்றான். ஷிபின் என்று பேர், பாறசாலைக்காரன். தமிழும் மலையாளமும் ஒரே மூச்சில் வந்தது. இங்குள்ள வீடுகளையெல்லாம் அவனும் இன்னும் ஆறு பேரும்தான் செய்தார்களாம்.

"சேச்சிமாரே, கயிறுக்கு இப்புறம் நின்னு பாக்கணும். தொடண்டாம். எல்லாம் மண்ணும் சிமெண்டும், ஒரு வருஷத்த பணி."

முதலில் தேயிலைக் காடு. ஏதோ பஞ்சில் பச்சை முக்கி ஒட்டியிருந்தார்கள். விரலளவு பெண்கள் கூடையோடு குனிந்து நின்றார்கள். லயத்துப் பெண்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"ஏளா, இங்க பாரு, பொட்டு வச்சி, கொண்டையில பூ வச்சிக் கொழுந்தெடுக்கா! அட்டைக்கு யாரு பதில் சொல்லுவா? காலுல ஒரு சாக்குத்துணி இல்ல."

"சீலையப் பாரு, பட்டுல்லா!"

மாடம்மாள் சிரிக்கவில்லை. நிரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நிரைய மேல இருந்து கீழ நேரா இழுத்திருக்கான். ஒரு மழைக்கு மண்ணு பூரா ஓடைக்குப் போயிரும். குறுக்க போடணும் தம்பி, மலையச் சுத்தி."

ஷிபின் தலையைச் சொறிந்தான். "அது பாக்கிறப்ப நேர் வரியாயிட்டு இருந்தா அழகு, சேச்சி."

"அழகுக்கா செய்தீங்க? நெசத்துக்குன்னு சொன்னாவ."

"லயம் நெசத்துக்குத்தான். அதுக்கு மேப்பு, போட்டோ எல்லாம் கிட்டிச்சு. ஒரு தகரம்கூட மாறாது."

அவன் பொய் சொல்லவில்லை. பெரட்டுக்களம் இருந்தது, விடிகாலையில் பேர் கூப்பிட்டு ஆள் பிரிக்கிற அந்த மண்தரை, மூலையில் அடிக்கிற தண்டவாளத் துண்டு உட்பட. அதற்கு மேலே எட்டு வீட்டு வரிசை. ஒண்ணாம் நம்பர் வாசலில் விறகு அடுக்கு. மூணாம் நம்பரில் எலிசாளின் ஆட்டுக்கொட்டில், ஆடு மட்டும் இல்லை. ஐந்தாம் நம்பர் முன்னால் முத்தாரம்மாளின் நீலத் தண்ணி டிரம், உருண்டையாக, கட்டைவிரல் பெரிசில். பெண்கள் பேர் சொல்லிக் கத்தினார்கள். முத்தாரம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். "என் டிரம்மு! ஏ மைனி, என் டிரம்மு பாரு! நெளிஞ்ச எடங்கூட நெளிஞ்சிருக்கு!"

மாடம்மாள் ஆறாவதைப் பார்த்தாள்.

ஆறாவது வீட்டுக்குக் கூரை பாதிதான் இருந்தது. மீதித் தகரம் உள்பக்கமாகச் சரிந்து கிடந்தது. சுவரில் பாசி. கதவு இருந்த இடத்தில் ஓட்டை. நடுவீட்டிலிருந்து கூரை வழியாக ஒரு மரம் எழுந்து, இலை விரித்து நின்றது. நிஜச் செடி. குட்டையாக வளர்த்து நட்டிருந்தார்கள். திருவனந்தபுரத்திலிருந்து வந்திருந்த குடும்பம் ஒன்று சரியாக அதற்கு நேராகக் குனிந்து செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது. "எந்து பங்கி!" என்று அழகை வியந்தாள் ஒருத்தி.

ஷிபின் பக்கத்தில் வந்து நின்றான். முகத்தில் பெருமை. "எல்லாரும் இத கண்டா நின்னுரும் சேச்சி. ஞான் செய்ததுல இதுதான் பெஸ்ட். பதினோரு நாள் எடுத்து. அந்தப் பாசிக்கு மாத்ரம் நாலு நாள்."

"இது யாரு வீடு?"

"ஆரும் இல்லாத வீடு. ஆளொழிஞ்சு கிடக்குந்ந வீடு."

"மரம் எங்கேருந்து வந்திச்சு?"

"அது என் பாவனை, கற்பனை. ஆளில்லாத வீட்டுல மரம் வருமல்லோ."

"இந்த நேரம் என் புருஷன் அதுக்குள்ள இருந்து கஞ்சி குடிச்சிக்கிட்டிருப்பான்டா!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினார்கள். ஷிபின் பையிலிருந்து போனை எடுத்துத் தள்ளித் தள்ளிப் பார்த்து அவளிடம் காட்டினான். அனுஷா எட்டிப் படித்தாள். ஆடி மாசம் கணக்கெடுத்தவர்கள், குட்டி லயம் செய்வதற்காக அவனுக்குக் கொடுத்த பட்டியல். எட்டு வீடு, எட்டு வரி. ஆறுக்கு நேராக: பூட்டிக் கிடக்கிறது, குடியிருப்பில்லை, பக்கத்து வீட்டார் உறுதி.

"அம்மே," என்றாள் அனுஷா. குரல் தாழ்ந்துவிட்டது. "இதான் லிஸ்ட். வெள்ளிக்கிழமை இதத்தான் ஒட்டப் போறாங்க. ஆளில்லாத வீடெல்லாம் இடிச்சு மாத்தும்னு கீழ எழுதியிருக்கு."

அன்று புதன்கிழமை.

மாடம்மாள் கயிற்றைத் தூக்கிக் குனியவில்லை. சேலையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகிக்கொண்டு, கவாத்து வெட்டப் போகிற நடையில் ஒரே எட்டில் தாண்டினாள். ஷிபின் "அய்யோ சேச்சி, கேறருது, கேறருது!" என்று கத்தினான். வாட்ச்மேன் விசில் ஊதினான். அவள் பெரட்டுக்களத்தில் ஒரு காலும் லயத்துக்குப் பின்னால் ஒரு காலுமாக மலைமாதிரி நின்றாள். பிறகு அந்தப் பெரட்டுக்களத்திலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். தண்டவாளத் துண்டு அவள் முட்டியில் இடித்து ஒடிந்தது.

"எழுதினத மாத்துற வரைக்கும் நான் எழும்பமாட்டேன். போலீசக் கூப்பிடு."

அவள் கண் கூட்டத்தில் ஒரே ஒருத்தியைத்தான் தேடியது. முத்தாரம்மாள் எலிசாளுக்குப் பின்னால் போய் நின்றிருந்தாள்.

"பக்கத்து வீட்டார் உறுதியாம். முன்னால வா முத்தாரு. எட்டாம் நம்பர்க்காரியா என் பக்கத்து வீடு? முன்னால வா."

"மைனி, எல்லாரும் பாக்காவ..."

"பாக்கட்டும். உன் மவன் சோடிக்கு அறை வேணும். நேரா வந்து கேட்டிருக்கலாம்லா? எழுத்துல என்னைக் கொன்னு போட்டியே! ஓட்டையா மைனி, ஓட்டையா மைனின்னு கேட்டப்பவே நெனச்சேன்."

முத்தாரம்மாளுக்கு ரோசம் ஏறியது. கயிற்றை ஒட்டி வந்து இடுப்பில் கை வைத்தாள்.

"ஆமா, அறை வேணும். இல்லன்னா சொன்னேன்? மருமவ சீல மாத்த அடுப்படிக்குப் போறா. அதுக்காக ஒன் வீட்டுல மரம் நடுவனா நான்? ஏளா, அன்னைக்கி ஜன்னல் கம்பி வழியா கைய ஆட்டுனது யாரு? நீயா, ஒன் புருஷனா?"

மாடம்மாள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள்.

"சொல்லு. அந்த மேடம் கொடையப் பிடிச்சிக்கிட்டு எங்கிட்ட கேக்கா, இந்த வீட்டுல ஆளிருக்கான்னு. நான் ஒன் ஜன்னலப் பாக்கேன். நீ உள்ள நின்னு இப்பிடி, இப்பிடி ஆட்டுற. நான் என்ன சொல்லணும்? நம்ம லயத்துல என்ன சொல்லுவோம்? யாருமில்ல, நாட்டுக்குப் போயிட்டாவ. அதத்தான் சொன்னேன். கையெழுத்துப் போடுன்னா, போட்டேன். அந்த வருஷம் என் வீட்டுக்கு நீ சொல்லலியா? கட்டிலுக்கடியில பிரவின ஒளிச்சி வச்சிக்கிட்டு நான் கெடக்கும்போ, முற்றத்துல நின்னு யாருமில்ல சாருன்னு நீ சத்தியம் அடிக்கலியா?"

அடித்தாள்தான். மாரியம்மன் பேரில் அடித்தாள். ஆடி மாசம் கையை ஆட்டியதும் நிஜம். இந்த நாலு மாசமும் அந்தக் கையை அவள் நினைக்கவே இல்லை. பூட்டை மட்டும்தான் நினைத்திருந்தாள்.

அனுஷா அதற்குள் ஷிபினிடம் மலையாளத்தில் படபடவென்று பேசி, கணக்கெடுத்த மேடத்தின் நம்பரைப் போட வைத்திருந்தாள். நீது மேடம். இரண்டாம் தடவைதான் எடுத்தாள். அனுஷா விஷயத்தைச் சொன்னாள். வீட்டில் ஆளிருக்கிறார்கள், பயந்து பூட்டியிருந்தார்கள், ரேஷன் கார்டு இருக்கிறது, கரண்ட் இருக்கிறது. ஸ்பீக்கரில் மேடத்தின் குரல் இரைச்சலோடு வந்தது. கார்டு எல்லா இடத்திலும் இருக்கிறது, ஆள்தான் வேண்டும். பக்கத்து வீட்டுக்காரி கையெழுத்துப் போட்டுத் தந்திருக்கிறாள். அவள் சொன்னது பொய் என்று அவளே சொன்னால் திரும்ப விசாரிக்கலாம். இல்லையென்றால் வெள்ளிக்கிழமை பட்டியல் மாறாது.

ஷிபின் போனைக் கயிற்றுக்கு மேலாக நீட்டினான். யாரிடம் நீட்டுவது என்று தெரியாமல் நடுவில் பிடித்திருந்தான்.

மாடம்மாள் உட்கார்ந்த இடத்திலிருந்து முத்தாரம்மாளைப் பார்த்தாள். சொல்லமாட்டாள் என்றுதான் நினைத்தாள். தான் அந்த இடத்தில் இருந்தால் சொல்லுவாளா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. சொல்லமாட்டாள். காகிதத்தில் வைத்த கையை எதற்காக எடுக்க வேண்டும்? ஐந்தாம் நம்பர் பத்திரமாக ஏறியிருக்கிறது. ஆறாம் நம்பர் போனால் மகனுக்கு ஒரு வழி பிறந்தாலும் பிறக்கும்.

முத்தாரம்மாள் குட்டி டிரம்மைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். மூக்கை முந்தானையால் துடைத்தாள். பிறகு போனைப் பிடுங்கி வாயருகே வைத்துக்கொண்டு, ஓடைக்கு அந்தப் பக்கம் நிற்கிறவளைக் கூப்பிடுகிற தொண்டையில் சொன்னாள்:

"மேடம், நான் முத்தாரம்மா, அஞ்சாம் நம்பர். ஆறாம் நம்பர்ல ஆளிருக்கு. புருஷன், பொண்டாட்டி, ஒரு பொம்பளப்பிள்ள. நான் சொன்னது கள்ளம்."

"அன்னைக்கு ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"எப்பவும் அப்படித்தான் சொல்லுவோம்."

"அப்போ உங்க வீட்டப் பத்தி நீங்க சொன்னதை நான் எப்படி நம்புறது?"

"நம்ப வேண்டாம். வந்து பாருங்க."

ஐந்தும் ஆறும், இரண்டையும் பட்டியலில் எழுதாமல் நிறுத்தி வைப்பதாக மேடம் சொன்னாள். நாளைக் காலையில் வருவாள். ஆள், அடுப்பு, கட்டில், துணிமணி எல்லாம் பார்த்துத்தான் எழுதுவாள். யாராவது இன்னொரு பொய் சொன்னால் இரண்டும் போகும். போன் அணைந்தது.

"ரெண்டுமா?" என்றாள் எலிசாள்.

மாடம்மாள் கையை ஊன்றி எழுந்தாள். ஷிபின் ஓடிவந்து ஒடிந்த தண்டவாளத் துண்டைப் பொறுக்கினான். திட்டுவான் என்று பார்த்தாள், திட்டவில்லை. அவன் ஆறாம் நம்பரின் முன்னால் குத்தவைத்து மரத்தின் தூரை விரலால் தடவிக்கொண்டிருந்தான்.

"பிடுங்கிரட்டா சேச்சி?"

"நாளைக்கி அவ வந்து எழுதட்டும். அதுக்கப்புறம் பிடுங்கு. இப்பப் பிடுங்கினா நான் வந்து மிரட்டிப் பிடுங்க வச்சேம்பாவ."

பொதிச்சோறு கொடுத்தார்கள். வாழையிலைக்குள் சோறு, முட்டை, தேங்காய்ச் சம்மந்தித் துவையல். மாடம்மாள் பிரிக்காமல் புருஷனுக்கென்று மடியில் வைத்துக்கொண்டாள். திரும்பும் பஸ்ஸில் எல்லோரும் மெதுவாகப் பேசினார்கள். முத்தாரம்மாள் இந்தத் தடவை யாருக்கும் இடம் போடவில்லை. மாடம்மாள்தான் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

முதல் ஏற்றம்வரை ரப்பர் மரங்கள் போயின. ஈரக்காற்று வந்தது.

"ஏன் சொன்ன?" என்றாள் மாடம்மாள்.

"என்னத்த?"

"போன்ல. சும்மா இருந்திருந்தா ஒன் வீடு நின்னுருக்கும்லா?"

"எப்பிடி நிக்கும்? ஒனக்கும் எனக்கும் நடுச்சுவரு ஒண்ணுதான? ஒன் வீட்ட இடிச்சா என் அடுப்படி ஆகாசத்தப் பாக்கும். ஒனக்காகச் சொன்னேன்னு நெனச்சி ஒண்ணும் அழாத."

மாடம்மாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சரியான காரணம்தான். யார் கேட்டாலும் ஒத்துக்கொள்வார்கள். அதனாலேயே அவளால் அதை முழுசாக நம்ப முடியவில்லை. சுவரைப் பற்றி நினைத்தவள் மூக்கைத் துடைப்பானேன்?

பாலத்துக்கு இப்பால் இறங்கினார்கள். மழை பிடித்துக்கொண்டது. அனுஷாவும் மற்றவர்களும் தலைக்குமேல் பையைப் பிடித்துக்கொண்டு முன்னால் ஓடினார்கள். இரண்டு பேரும் அவசரப்படாமல் ஏறினார்கள். மலை ஏறுகிறவர்கள் மழைக்காக ஓடுவதில்லை, மூச்சுத்தான் போகும்.

"மைனி, நாளைக்கி அந்த மேடம் வரும்போ நீ வாயத் தொறக்காத. ஒன் மூஞ்சியே அவளுக்குச் சந்தேகத்த உண்டாக்கிரும். நான் பேசிக்கிடுதேன்."

"நீ பேசித்தான இம்புட்டும் வந்து நிக்குது."

"பின்ன நீ பேசுதியா?"

மாடம்மாள் பத்தடி நடந்தாள். காட்டுக்குள் ஏதோ கிளை முறிந்து விழுந்தது.

"நானே பேசுதேன்," என்றாள். "நீ பக்கத்துல நில்லு. நான் தப்பாச் சொன்னா கைய மட்டும் ஆட்டாத, வாயால சொல்லு."